லாராவும் பொண்டிங்கும் ஸ்பின்னுக்கு: அந்த இரண்டு மீற்றர்

தம்பி, நீர் கேட்டது இரண்டு விசயம். முதலாவது: கிரிக்கெட்டில் சுழல் பந்துக்கு, அதாவது ஸ்பின்னுக்கு, எங்கட முரளியின் பந்தில் மேற்கிந்தியத் தீவுகளின் லாரா அவ்வளவு ஓட்டம் குவித்தார், இந்தியாவின் ஹர்பஜனிடம் அவுஸ்திரேலியாவின் பொண்டிங் திரும்பத் திரும்ப விழுந்தார், இரண்டு பேரும் உலகத் தரம்தானே, வித்தியாசம் எங்கே? இரண்டாவது: மல்லாவியிலும் கிளிநொச்சியிலும் சீமெந்துத் தரையில் மெட்டிங் விரித்து நன்றாக அடிக்கிற எங்கட பெடியள், கொழும்புப் பக்கம் டேர்ஃபில், அதாவது உருட்டி இறுக்கின மண் ஆடுகளத்தில், விளையாடப் போனால் ஏன் ஸ்பின்னுக்கு வரிசையாக ஆட்டமிழக்கிறார்கள்?

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பந்து குத்தும் இடத்துக்கும் துடுப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விடுகிறோம் என்பதில்.

ஸ்பின் என்றவுடன் எல்லோரும் "போடுகிறவரின் கையைப் பார், கையைப் படி" என்பார்கள். படிக்கத்தான் வேணும். ஆனால் கையைச் சரியாகப் படித்தும் அவுட் ஆனவர்கள் ஏராளம். எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தால் மட்டும் போதாது, திரும்புவதற்கு அந்தப் பந்துக்கு இடம் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் பார்ப்போம். துடுப்பின் அகலம் விதிப்படி 10.8 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்க முடியாது. பந்து குத்தி 5 பாகை திரும்புகிறது என்று வையும். அது நல்ல திருப்பம்தான். ஒரு மீற்றர் போவதற்குள் கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர் விலகிவிடும். குத்தின இடத்தில் இருந்து அரை மீற்றருக்குள் துடுப்பைக் கொண்டுபோய்விட்டால் விலகல் நாலரை சென்ரிமீற்றர் கூட வராது. நடுவில் பட வேண்டிய பந்து ஓரத்துக்குக் கிட்டப் படும், ஆனால் துடுப்பில்தான் படும். அதே பந்தை 2 மீற்றர் தள்ளி நின்று தடுத்தால் 17 சென்ரிமீற்றர் விலகல். துடுப்பைத் தாண்டிவிடும்.

நேரத்தையும் பாரும். மணிக்கு 80 கிலோமீற்றரில் கையை விட்டு வந்த பந்து, குத்தி வேகம் குறைந்த பிறகும், அந்த 2 மீற்றரைக் கடக்க ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்குதான் எடுக்கும். கண் பார்த்துக் கை அசைய அதைவிடக் கூடுதலான நேரம் வேணும். ஆகவே அங்கே நிற்பவர் லாராவாக இருந்தாலும், திரும்பினதைக் கண்டு துடுப்பை மாற்ற ஏலாது. நாலு மீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் கதை வேறு. கால் செக்கனுக்கு மேல் கிடைக்கும், திரும்பினதைப் பார்த்தே ஆடலாம்.

இப்போது ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொள்ளும். கிரீஸில் இருந்து மூன்றரை மீற்றர் முன்னால் குத்துகிறது. அரைகுறையாக ஒரு கால் முன்னுக்கு வைத்துத் தடுத்தால் துடுப்பு கிரீஸுக்கு ஒன்றரை மீற்றர் முன்னால் நிற்கும். இடைவெளி சரியாக 2 மீற்றர். அதே பந்துக்கு ஸ்டம்பை உரசுகிற அளவுக்குப் பின்னுக்குப் போனால் இடைவெளி நாலு மீற்றரைத் தாண்டும். இரண்டு மூன்று அடி எடுத்து வைத்து இறங்கி வந்தால் அரை மீற்றராகிவிடும். பந்து ஒன்று, பதில் மூன்று. நடுவில் இருக்கிற பதில்தான் ஆளைக் கொல்லும். ஸ்பின்னரின் தொழில் முழுவதும் உம்மை அந்த நடுப் பதிலுக்குள் நிறுத்துவதுதான். பந்தை மேலே தூக்கி விடுவதும், மேற்சுழற்சி கொடுத்துத் திடீரென்று விழ வைப்பதும் அதற்காகத்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிராகப் போடுகிற எங்கட சின்னப் பெடியனுக்குக்கூட அந்த விழுகை சும்மா கிடைக்கும். எட்டும் என்று கால் வைத்த பந்து ஒரு அடி முன்னுக்கே விழும். முரளியும் அவுஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் வோர்னும் காற்றை நம்பி இருக்கவில்லை, மணிக்கட்டாலும் விரலாலும் அதைச் செய்தார்கள்.

இனி லாராவுக்கு வருவோம். 2001 கடைசியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இலங்கைக்கு வந்து மூன்று டெஸ்ட் விளையாடியது. லாராவின் ஓட்டங்கள்: காலியில் 178, 40. கண்டியில் 74, 45. கொழும்பு எஸ்.எஸ்.சி.யில் 221, 130. மொத்தம் 688, சராசரி 114.66. முரளி அந்தத் தொடரில் 24 விக்கெட் எடுத்தார். அதாவது முரளி மோசமாகப் போட்டதால் லாரா அடிக்கவில்லை. முரளி மற்றவர்களை உருட்டிக்கொண்டிருந்த அதே ஆடுகளத்தில், அதே நாட்களில் அடித்தார்.

அந்த ஆட்டங்களின் காட்சிகள் கிடைத்தால், துடுப்பைப் பார்க்காமல் காலை மட்டும் பாரும். முரளி ஓடிவரும்போது லாரா நன்றாகக் குனிந்து, துடுப்பை மேலே தூக்கி வைத்திருப்பார். பந்து கையை விடும் வரை எந்தக் காலும் நிலையான முடிவுக்குப் போகாது. விட்ட பிறகு நடப்பது மின்னல். ஒன்றில் ஆள் முழுதாக இறங்கி வந்திருப்பார், அல்லது பின்கால் ஸ்டம்புக்குப் பக்கத்தில் இருக்கும். பின்னுக்குப் போனாரென்றால் பந்தை வர விட்டு, திரும்பின பிறகு, அது திரும்பும் பக்கத்திலேயே கவர் வழியாகவோ பொயின்ற் பக்கமோ தட்டிவிடுவார். முரளியின் வழமையான ஓஃப் ஸ்பின் இடக்கைக்காரரை விட்டு வெளியே போகும். அதை இழுத்து உள்பக்கம் அடிக்கத்தான் மற்ற இடக்கைக்காரர்கள் ஆசைப்பட்டு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். லாரா அப்படி இழுத்து அடித்தது, பந்து குத்தின இடத்துக்கே போய்ச் சேர்ந்தபோதுதான். இப்படி இரண்டு பக்கமும் ஆடும் ஒருவருக்கு முரளி எந்த லெங்த்தில், அதாவது எவ்வளவு தூரத்தில் குத்தும்படி, போடுவது? கொஞ்சம் கூட விட்டால் டிரைவ், கொஞ்சம் குறைத்தால் கட். தனக்குப் போட மிகக் கடினமாக இருந்தவர்களில் லாராவை முரளியே பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தத் தொடரை இலங்கை 3-0 என்று வென்றது என்பதையும் மறக்கக்கூடாது. எஸ்.எஸ்.சி.யில் ஒருவரே 351 ஓட்டம் எடுத்தும் மேற்கிந்தியத் தீவுகள் 10 விக்கெட்டால் தோற்றது. அங்கே வாஸ் தனியாக 14 விக்கெட் எடுத்தார். ஸ்பின்னரை ஒருவர் வெல்வது வேறு, அணி வெல்வது வேறு. 1987இல் பெங்களூரில் கவாஸ்கர் தன் கடைசி டெஸ்டில், பந்து தூசி கிளப்பித் திரும்பின ஆடுகளத்தில் 96 எடுத்தார். கையைத் தளர்த்திப் பிடித்து, பட்ட பந்து காலடியிலேயே விழும்படி ஆடின இனிங்ஸ் அது. ஸ்பின்னுக்கு எதிராக நான் அறிந்த மிகச் சிறந்த தடுப்பாட்டம் அதுதான். அதிலும் இந்தியா 16 ஓட்டத்தால் தோற்றது.

பொண்டிங்கின் கதை அதே 2001இல், ஆண்டின் தொடக்கத்தில், இந்தியாவில். ஐந்து இனிங்ஸ்: 0, 6, 0, 0, 11. மொத்தம் 17 ஓட்டம், ஐந்து தரமும் ஹர்பஜன். வேகப் பந்துக்கு பொண்டிங்கின் பலம் என்னவோ அதுவே இங்கே எதிரியானது. வேகப் பந்துக்கு அவர் முன்காலை நீட்டி, கைகளை வலுவாக முன்னுக்குத் தள்ளி ஆடுவார். உயரமாக எழும்பி உள்ளே திரும்பும் ஓஃப் ஸ்பின்னுக்கு அதே அசைவு வந்தால், கால் போய் நிற்பது நாம் கணக்குப் பார்த்த அந்த இரண்டு மீற்றரில். துடுப்பு காலுக்கு முன்னால் இறுக்கமாக நிற்கும். பிறகு துடுப்பின் உள்பக்கம் பட்டுக் கிட்ட நிற்பவர் கைக்குப் போகும், இல்லையென்றால் காலில் பட்டு எல்.பி.டபிள்யூ. பொண்டிங் திறமை குறைந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. 2008இல் பெங்களூரில் இந்தியாவுக்கு எதிராக 123 எடுத்தார், இந்திய மண்ணில் அவருடைய முதல் டெஸ்ட் சதம். திருத்தினார், ஆனால் ஏழு வருடம் எடுத்தது. ஹர்பஜன் டெஸ்டில் அவரை மொத்தம் பத்துத் தடவை ஆட்டமிழக்கச் செய்தார்.

பொண்டிங் 17 எடுத்த அதே தொடரில், அதே அவுஸ்திரேலிய அணியில், ஹேடன் எடுத்தது 549. ஹர்பஜன் 32 விக்கெட் எடுத்த தொடரில்! ஹேடன் கண்ட வழி ஸ்வீப், முழங்காலை மடித்துத் துடுப்பைக் கிடையாக வீசும் அடி. சும்மா நேரத்தில் வந்த யோசனை அல்ல அது, முன்கூட்டியே பழகி வைத்திருந்தது. ஸ்வீப் ஏன் எடுபடுகிறது என்பதை விளங்கிக்கொள்ளும். நேர்த் துடுப்புக்கு 10.8 சென்ரிமீற்றர்தான் அகலம். துடுப்பைக் கிடையாகப் போட்டால் பந்து இடமோ வலமோ திரும்புவது பெரிய பிரச்சினையே இல்லை, துடுப்பின் நீளம் அதை மூடிவிடும். மிஞ்சுவது எழும்பும் உயரம் மட்டும். முழங்காலை மடித்து நன்றாக நீட்டினால் குத்தின இடத்துக்குக் கிட்டவும் போய்விடலாம். 2000இல் சிம்பாப்வேயின் அன்டி ஃபிளவர் இந்தியாவில் இரண்டே டெஸ்டில் 540 ஓட்டம் எடுத்ததில் ஸ்வீப்பும் ரிவேர்ஸ் ஸ்வீப்பும் பெரிய பங்கு. 2021இல் இங்கிலாந்தின் ஜோ ரூட் காலியில் 228, 186 என்று எடுத்தபோது எங்கட ஸ்பின்னர்களை ஸ்வீப்பாலேயே களைக்கப் பண்ணினார்.

சச்சின் வேறு மாதிரி. 1998 சென்னை டெஸ்ட் முதல் இனிங்ஸில் வோர்னை இறங்கி அடிக்கப் போய் 4 ஓட்டத்தில் ஸ்லிப்பில் பிடி கொடுத்தார். இரண்டாவது இனிங்ஸில் ஆட்டமிழக்காமல் 155. வோர்ன் வலக்கைக்காரரின் காலுக்கு வெளியே, பந்துவீச்சாளர்களின் காலடி பட்டுக் கிளறுப்பட்ட இடத்தில் பந்தைக் குத்தித் திருப்புவார் என்று சச்சினுக்குத் தொடருக்கு முன்பே தெரியும். அதற்காக ஆடுகளத்தில் அந்த இடத்தையே கிளறிவிட்டு, முன்னாள் லெக் ஸ்பின்னர் லக்‌ஷ்மன் சிவராமகிருஷ்ணனைப் போடச் சொல்லிப் பழகினார். பிறகு அந்த இடத்தில் குத்தின பந்துகளை மிட் விக்கெட் பக்கம் தூக்கி அடித்தார். மூன்று டெஸ்டில் 446 ஓட்டம். தோற்ற முதல் இனிங்ஸைப் பார்த்துத் திட்டத்தை மாற்றாமல், இன்னும் சரியான பந்தைத் தெரிந்தெடுத்ததுதான் எனக்கு அதில் பிடித்தது. 2001 கொல்கத்தாவில் லக்‌ஷ்மன் 281 எடுத்தபோது அதே காலடி இடத்தில் குத்தின வோர்னின் பந்தை, இறங்கி வந்து கவர் பக்கமும் அடித்தார், மணிக்கட்டால் மிட் விக்கெட் பக்கமும் திருப்பினார். வோர்னின் கணக்கு அந்த இனிங்ஸில் 152 ஓட்டத்துக்கு ஒரு விக்கெட்.

1996 லாகூர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி எங்கட ஊரில் எல்லாருக்கும் தெரியும்: அரவிந்த 107, அர்ஜுன 47, இரண்டு பேரும் ஆட்டமிழக்கவில்லை. வோர்ன் 10 ஓவரில் 58 கொடுத்து விக்கெட் இல்லாமல் போனார்.

பழக்கம் எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு இரண்டு எண் போதும். வோர்ன் டெஸ்டில் ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்தது சராசரியாக 25.41 ஓட்டம்; இந்தியாவுக்கு எதிராக மட்டும் பார்த்தால் 47.18. முரளியின் சராசரி 22.72, இந்திய மண்ணில் 45.45. உலகத்தின் இரண்டு மிகப் பெரிய ஸ்பின்னர்கள், சிறு வயதில் இருந்தே ஸ்பின்னைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் இவ்வளவு கொடுத்தார்கள்.

"அப்படியென்றால் கையைப் படிக்கவே தேவையில்லையா" என்று நீர் கேட்கலாம். அதற்கு எங்கட அஜந்த மெண்டிஸைச் சொல்ல வேணும். 2008இல் அவர் டெஸ்டுக்கு வந்தபோது நடுவிரலால் சுண்டி விட்ட பந்தை இந்தியாவின் பெரிய தலைகளே படிக்கவில்லை. அறிமுகத் தொடரில் மூன்று டெஸ்டில் 26 விக்கெட். டிராவிட், சச்சின், கங்குலி, லக்‌ஷ்மன் எல்லாரும் தடுமாறின தொடரில், காலியில் இந்தியா எடுத்த 329இல் சேவாக் மட்டும் 201, ஆட்டமிழக்கவில்லை. மெண்டிஸ் ஒரு லெங்த்தில் நிலைத்து நிற்க சேவாக் விடவில்லை. அடுத்த ஆண்டு இந்தியாவில் மெண்டிஸ் அந்தளவுக்கு எடுபடவும் இல்லை. கை மர்மம் ஒரு பருவம் நிற்கும். லெங்த் கடைசிவரை நிற்கும். முரளியின் 800 விக்கெட்டும் மர்மத்தால் மட்டும் வந்ததல்ல, ஓயாமல் ஒரே இடத்தில் குத்தினதால் வந்தது.

அதே 2008 தொடரில்தான் நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் முறை டெஸ்டில் முதன்முதல் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. அதற்கு முன்னர் முன்காலை நீட்டிக் கால்காப்பால் தடுத்தால் நடுவர் பெரும்பாலும் கை தூக்கமாட்டார். அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 2012 தொடக்கத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தில் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் மூன்று டெஸ்டில் 24 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை நொருக்கினார். பீற்றர்சன் ஆறு இனிங்ஸில் 67 ஓட்டம். அதே பீற்றர்சன் அதே ஆண்டில் கொழும்பில் 151, மும்பாயில் 186 எடுத்தார். டிராவிட் அவருக்கு மின்னஞ்சலில் எழுதின ஆலோசனை ஒன்று பிறகு வெளியே வந்தது: கால்காப்பு இல்லாமல் ஸ்பின்னுக்குப் பயிற்சி செய் என்பது அதில் முக்கியம். கால் நோகும் என்று தெரிந்தால் துடுப்பு தானாகக் காலுக்கு முன்னால் வரும், கண்ணும் பந்தை விடாது.

இனி எங்கட பெடியள். மெட்டிங் மோசமான தரை என்று நான் சொல்லமாட்டேன், கட் அடிக்கவும் புல் அடிக்கவும் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் அது அந்த இரண்டு மீற்றரை மன்னித்துவிடுகிறது. சீமெந்தின் மேல் விரித்த மெட்டிங்கில் பந்து உயரமாக எழும்பும், ஒவ்வொரு பந்தும் ஒரே அளவாக எழும்பும். அரைக்கால் வைத்துத் தவறவிட்டாலும் ஸ்டம்புக்கு மேலால் போகும், நடுவரும் எல்.பி.டபிள்யூ. கொடுக்கமாட்டார். ஐந்தாறு வருடம் அப்படி ஆடின பெடியனின் காலுக்கு அது பழகிவிடும். டேர்ஃபில் அதே பந்து முழங்காலுக்குக் கீழே வரும். பெடியன் மாறவில்லை, தரை மாறிவிட்டது. அவன் பயந்துவிட்டான் என்று கரையில் இருந்து கத்துவது நியாயமே இல்லை. "முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ" என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதும் அவனை இன்னும் அந்த இரண்டு மீற்றருக்குள்தான் தள்ளும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். முதலில் துடுப்பே வேண்டாம். ஒருவர் ஸ்பின் போட, ஆடுகிறவர் பந்து குத்துவதற்கு முன்னர் "முன்" அல்லது "பின்" என்று சத்தமாகச் சொல்லி, அந்தப் பக்கம் முழுதாகப் போக வேணும். கிரீஸில் இருந்து இரண்டு மீற்றரிலும் நாலு மீற்றரிலும் சுண்ணாம்பால் கோடு போடும். பக்கத்தில் நிற்பவர் எந்தக் கோட்டுக்குள் குத்தினது என்று சொல்லட்டும். இரண்டுக்கு உள்ளே என்றால் முன், நாலுக்கு வெளியே என்றால் பின். இடையில் குத்தினால் ஒன்றில் இறங்கிப் போக வேணும் அல்லது முழுதாகப் பின்னுக்கு. ஒரு காலை நீட்டி அங்கேயே நிற்பது மட்டும் கூடாது. சத்தம் பிந்தினால் கண் பிந்துகிறது என்று அர்த்தம், கால் வேலையை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பயிற்சி முடிந்து மெட்டிங்கைச் சுருட்டின பிறகு, வெறும் சீமெந்தில் டென்னிஸ் பந்தை வழுக்கி வருகிற மாதிரித் தாழ்வாகப் போடச் சொல்லி, கால்காப்பு இல்லாமல் ஆடும். டேர்ஃபின் உயரத்துக்கு மிகக் கிட்டின அனுபவம் அது.

திரும்புவதற்கு எங்களிடம் கொழும்புப் பெடியளுக்கும் இல்லாத ஒன்று இருக்கிறது: பெரும்போக அரிவு வெட்டி முடிந்த வயல். மாசி, பங்குனியில் காய்ந்து வெடித்த அந்தக் களித் தரையில் ஒரு பந்து வெடிப்பின் விளிம்பில் பட்டு எகிறும், அடுத்தது அப்படியே கிடந்து வரும். காலியில் ஐந்தாம் நாள் பின்னேரம் நடப்பதும் அதுதான். அங்கே மென்பந்தால் மட்டும் விளையாடும், கடினப் பந்து முகத்துக்கு வரும். மேலே தூக்கி அடிப்பதற்கு ஓட்டம் இல்லை என்று ஒரு விதி வைத்தால், பெடியள் தாங்களாகவே கையைத் தளர்த்திப் பிடிக்கவும் பந்தை வர விடவும் பழகிவிடுவார்கள்.

ஸ்வீப்பைக் கடைசியாகச் சொல்லிக்கொடும். முன், பின் இரண்டும் சரியாக வராத பெடியனுக்கு ஸ்வீப் கிடைத்தால் எல்லாப் பந்துக்கும் அதையே போடுவான். டேர்ஃபில் போய் இறங்கும் நாளில் புதிதாக எதுவும் வேண்டாம். உள்ளே போகுமுன் மற்றவர்களுக்குப் பந்து எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பக்கத்தில் இருந்து ஐந்து ஓவர் பார்க்கச் சொல்லும். ஸ்பின் தொடங்கினால் முதல் ஓவருக்கு, எட்டுகிற பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பின்னுக்குப் போய் நேர்த் துடுப்பால் தடுக்கட்டும். குனிந்து, தலை பந்துக்கு மேலே இருக்க வேணும். ஓட்டத்தை இரண்டாவது ஓவரில் தேடலாம்.